கோல்ஃப் படத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக் கூடத்தில் நிறைய கோல்ஃப் படங்கள் மாட்டியிருக்கின்றன. எல்லாம் ஒரே ஓவியர் வரைந்தவை. வெளிநாட்டுக்காரர். எங்கெங்கோ கடற்கரை ஊர்களில் நடந்த போட்டிகளுக்கும், அங்கிருந்த பெரிய ஓட்டல்களுக்கும் விளம்பரமாக அந்தக் காலத்தில் அச்சடித்த சுவரொட்டிகள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க ஆடுவீங்களா?" என்று கேட்பார்கள். கோல்ஃப் மட்டையை நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. கோயமுத்தூரில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது என்பதே இந்தப் படங்களை வாங்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. கணவர் ஸ்பின்னிங் மாஸ்டர். குஜராத்தில் ஒரு மில்லில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். ஒரே மகள். நான் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தேன். மகளுக்கு விபத்து நடந்தபோது லீவு போட்டேன். திரும்பிப் போகவில்லை.

விபத்தை என்னிடம் சொன்னவர் யார் என்று இன்றுவரை தெரியாது. மகளின் எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. எடுத்தால் ஓர் ஆண் குரல். "ஏனுங்க, இந்த ஃபோன் உங்க புள்ளையோடதுங்களா? பதறாதீங்க. மேட்டுப்பாளையம் ரோட்டுல லாரி திரும்பறப்ப ஸ்கூட்டர் மாட்டிக்கிச்சுங்க. உசுரு இருக்குதுங்க." அவ்வளவு மரியாதையாக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டு, கல்யாண வீட்டுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு நாள் என் காதில் நின்றிருக்காது என்று நினைக்கிறேன். இப்போதும் காய்கறிக் கடைக்காரர், "உசுருள்ள கீரைங்க" என்று சொன்னால் வாங்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு நீளமான நடை. இரும்பு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள், தெரிந்தவர்களுக்கு நடந்த விபத்துகளைச் சொன்னார்கள், போனார்கள். எனக்கு எதிர்ச்சுவரில் ஒரு படம் இருந்தது. இறந்தவர்களையும் பிழைத்தவர்களையும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் தள்ளிக்கொண்டு போவார்கள்.

படத்தில் பெரிய புல்வெளி. தூரத்தில் கடல். வெள்ளை உடையில் ஒரு பெண் தோளில் பையை மாட்டிக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறாள். அவளைத் தவிர ஒருவரும் இல்லை. எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தால் பெண்ணே இல்லை. வெள்ளையும் இளநீலமுமாக நாலைந்து தீற்றல்கள். பந்து விழும் குழியில் நட்ட கொடி ஒரே ஒரு சிவப்புக் கீற்று. நிழலுக்குக் கறுப்பைத் தொடவில்லை அந்த மனிதர். கத்திரிப்பூ நிறத்தில் இழுத்திருந்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் மறுபடி பெண் நடக்க ஆரம்பிப்பாள். பந்து எங்கே என்று தேடினேன். பந்தை அவர் வரையவே இல்லை. அவள் எதைத் தேடிப் போகிறாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் அந்தப் பக்கம் போய்ச் சேராமல் திரும்பி வந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கிடந்தவளும் படத்தில் நடந்தவளும் எனக்கு ஒன்றாகிவிட்டார்கள். படித்தவள் நினைக்கிற நினைப்பு இல்லைதான். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் படித்தவர்கள் யாரும் படித்தவர்களாக இல்லை.

மகள் பிழைத்தாள். இடுப்பில் தகடு வைத்தார்கள். நடையில் ஒரு சின்னச் சாய்வு மட்டும் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து அவள் உடற்பயிற்சி செய்கிற நேரங்களில் எனக்கு வேலை இருக்காது. பயிற்சி சொல்லித்தரும் பெண், "அம்மா, நீங்க பக்கத்துல நின்னா அவங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க" என்று என்னை வெளியே அனுப்பிவிடுவாள். வெளியே உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் ஃபோனில் எடுத்து வைத்திருந்த அந்தப் படத்தை வைத்துத் தேடினேன். ஓவியர் யார் என்று தெரிந்தது. அவர் இதுபோல நிறைய வரைந்திருக்கிறார் என்பதும், பழைய அச்சுகளை உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது.

பெங்களூரில் பழைய சுவரொட்டிகள் விற்கும் ஒருவர் வாட்ஸப்பில் கிடைத்தார். நல்ல மனிதர். தாளின் நான்கு மூலைகளையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்புவார். ஊசி குத்திய துளை, மடித்த கோடு, வெயிலில் வெளுத்த இடம், ஒன்றையும் மறைக்க மாட்டார். முதல் படம் வாங்கியபோது, "மேடம் எந்த கிளப்பில் ஆடுகிறீர்கள்?" என்று கேட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல் "கோயமுத்தூர்" என்று எழுதினேன். ஊர்ப் பெயர்தானே. அதிலிருந்து வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை, "இந்த வாரம் ஆடினீர்களா?" என்று ஒரு செய்தி வரும். "மழை" என்று எழுதுவேன். மழை இல்லாத மாதங்களில் "முழங்கால் வலி". உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் வாரம் தவறாமல் என்னைக் கேள்வி கேட்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

படங்கள் அட்டைக் குழாயில் சுருட்டி வரும். முதல் குழாயைக் கொடுத்தபோது கூரியர்காரர், "உள்ள துப்பாக்கி கிப்பாக்கி இல்லீங்களே?" என்றார். சட்டம் போட ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோவேன். அங்கே முருகனும் லட்சுமியும் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருப்பார்கள். கடைக்காரர் சுவரொட்டியைப் பிரித்ததும் கத்தியை எடுத்தார்.

"ஓரத்துல வெள்ளையா கெடக்குதுங்க. வெட்டிப்போட்டா சட்டத்துக்கு அழகா உக்காருமுங்க."

"வெட்டாதீங்க! ஓரம் இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு."

"வெறுங்காயிதத்துக்கு என்ன மதிப்புங்க?" என்று சிரித்தார். அந்த வெள்ளை ஓரத்தில்தான் போட்டியின் பெயரும் ஊரும் அச்சிட்டிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் சட்டத்தில் ஆணி அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். "உங்களுக்குப் போட்டுக்குடுக்கறதும் ஆப்பரேசன் பண்றதும் ஒண்ணுங்க" என்பார்.

என் அண்ணனுக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டம். ஒருநாள் வந்தவர் மோரைக் குடித்துக்கொண்டே படங்களைப் பார்த்தார்.

"இது எத்தன ஏக்கரா இருக்கும் அம்மணி?"

"எனக்கெப்படித் தெரியும்ங்கண்ணா?"

"தண்ணி எங்கிருந்து எடுக்கறான்? போர் போட்டிருப்பானா?" கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இத்தன பூமியப் புல்லு மொளைக்க உட்டுப்போட்டு, அதுல ஒத்த ஆளு நடந்து போறானாக்கும்? நாலு எருமைய மேய உட்டிருந்தாலும் ஒரு ஞாயமிருக்குது."

அவர் போன பிறகு நானே சிரித்துக்கொண்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. மகளிடம் சொல்லலாம். ஆனால் அந்தச் சமயத்தில் அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

உடம்பு தேறியதும் அவளுக்குக் குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் வேலை கிடைத்தது. போகட்டும் என்றுதான் நினைத்தேன். போன கொஞ்ச நாளில் ஸ்கூட்டர் வாங்கிவிட்டேன் என்றாள்.

"லீவுக்கு இதுலயே ஊட்டுக்கு வாரேன்ம்மா. மலையில எறங்கறது ஒண்ணும் பெரிசில்ல."

"ஸ்கூட்டர்ல வர்றதா இருந்தா வராத."

"சரி, வரல."

அவ்வளவுதான் பேச்சு. பொங்கலுக்கு வரவில்லை. சித்திரைக்கும் வரவில்லை. பஸ்ஸில் வா என்றேன். வரும்போது எப்படி வருவது என்று எனக்குத் தெரியும் என்றாள். நான் தினமும் பலமுறை கூப்பிடுவேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும் என்று சொன்னாள். அந்த ஒரு தடவையிலும் "சாப்பிட்டேன், தூங்கினேன், கால் நல்லா இருக்குது" என்று நான் கேட்பதற்கு முன்பே பதில்களை வரிசையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். குஜராத்திலிருந்து கணவர், "அவ உன்ற புள்ளதான, எறங்கியா வருவா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படியே விட்டால் மகள் இந்த வீட்டுக்கு வருவதையே மறந்துபோவாள் என்று தோன்றியது.

நான் மேலே போயிருக்கலாம். ஒருநாள் கிளம்பி மேட்டுப்பாளையம் வரை போனேன். மலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பியதும் எழுந்து இறங்கிவிட்டேன். கண்டக்டர், "என்ன மறந்துபோட்டீங்க?" என்றார். "பையை" என்றேன். பை என் கையில்தான் இருந்தது.

அந்த மாதத்தில்தான் பெங்களூர்க்காரர் ஆஸ்பத்திரியில் நான் பார்த்த அதே படத்தைத் தேடிப் பிடித்து அனுப்பினார். மூலைகளில் ஊசித் துளைகள், நடுவில் ஒரு மடிப்பு. ஆஸ்பத்திரியில் இருந்தது புது அச்சு. இதில் பச்சை இன்னும் ஆழமாக இருந்தது. கூடத்தில், மகள் 'அப்பாரு' என்று கூப்பிட்ட, இறந்துபோன என் மாமனாரின் படத்துக்கு எதிரில் மாட்டினேன். சந்தோஷத்தில் மகளிடம் அன்றைய ஒரு தடவையில் அதைச் சொன்னேன். நீ உள்ளே இருந்தபோது இந்தப் பெண்ணை நீ என்று நினைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன். அவள் "ம்" என்றாள்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் சாமி படங்களையும் மாமனார் படத்தையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பார். கோல்ஃப் படங்கள் வந்த பிறகு அவற்றையும் விடவில்லை.

"அதெல்லாம் சாமி இல்லீங்க."

"இருக்கட்டுமுங்க்கா. சட்டம் போட்டு மாட்டிப்போட்டீங்க. மொட்டையா உட்டா ஊடு நல்லா இருக்குமுங்களா?"

அவர் பாட்டுக்கு ஒவ்வொரு வெள்ளைக்காரருக்கும் கண்ணாடியின் நடுவில் பொட்டு வைத்துக்கொண்டு போனார். நானும் விட்டுவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சாமிக்கும் மாமனாருக்கும் போட்டது போகப் பூ மிஞ்சியது. என்ன செய்வது என்று கேட்டார். ஆஸ்பத்திரிப் படத்துக்குப் போடுங்கள் என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அதற்கென்று ஒரு முழம் சேர்த்தே வாங்கினோம். காலையில் மகள் வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்பது வழக்கமாகிவிட்டது. கும்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நின்றேன்.

ஆடிக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் வண்டி நின்றது. கூரியர் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். மகள் நின்றாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஹெல்மெட்.

"உள்ள வரலாமா? இல்ல, பஸ்ஸுல வந்தாத்தான் உடுவியா?"

மலையிலிருந்து இறங்கி, லாரிகளுக்கு நடுவில் அதே ரோட்டில் வந்திருக்கிறாள். "கால் வலிக்குதா கண்ணு?" என்றேன்.

"பாரு, மொதக் கேள்வியே அதுதான்."

சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தாள். கூடத்தில் நின்றாள். மாமனாரின் படத்தில் சந்தனம், குங்குமம், மாலை. எதிர்ச்சுவரில் முதுகைக் காட்டி நடக்கும் பெண்ணுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. என் மகள் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் கணம் வரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

"இது அந்த ஆஸ்பத்திரிப் படந்தான?"

"ஆமா கண்ணு, ஆனா..."

"அப்பாருக்கு அவரு செத்தப்பறம் மாலை போட்டீங்க. எனக்கு எதுக்கும்மா இப்பவே?"

சமையலறையிலிருந்து வேலை செய்யும் அம்மாள் ஓடி வந்தார். "நான்தானுங் கண்ணு வெச்சேன். வெள்ளிக்கெழமையாச்சேன்னு எல்லாப் படத்துக்கும்..."

"மத்ததுக்கெல்லாம் பொட்டு மட்டுந்தான இருக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "இதுக்கு மட்டும் அம்மா பூ வைக்கச் சொன்னாங்க கண்ணு."

"நான் அங்க டீ குடிச்சுட்டு உசுரோட உக்காந்திருக்கேன். நீ இங்க எனக்குத் தெவசம் பண்ணிட்டு இருக்கற." சத்தம் போடாமல் சொன்னாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. இப்போது போனால் இனி வர மாட்டாள் என்று தெரிந்தது. மாலையைக் கழற்றுவதா, வெளியே ஓடுவதா என்று படத்தின் முன்னாலேயே நின்றேன். வேலை செய்யும் அம்மாள்தான் காபி டம்ளரைத் தூக்கிக்கொண்டு சாரலில் அவள் பின்னால் ஓடினார்.

"கண்ணு, சண்டை போடறதா இருந்தாலும் காப்பியக் குடிச்சுப்போட்டுப் போடுங். எங்கூட்டுல அப்படித்தான்."

வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகையும் கலந்த சிரிப்பு. எட்டிப் பார்த்தால் வாசப்படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

நான் படத்திலிருந்து பூவை எடுத்தேன். பொட்டைச் சேலை முந்தானையால் துடைத்தேன். குங்குமம் கண்ணாடி முழுக்க இழுத்துக்கொண்டு, அந்தப் பெண் சிவப்பாகிப்போனாள். எச்சில் தொட்டுத் துடைத்தும் போகவில்லை. "ஈரத்துணி கொண்டாரட்டுமா?" என்று பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது. அவளே கொண்டுவந்து துடைத்தாள். துடைத்துவிட்டுக் கிட்ட நின்று பார்த்தாள். பிறகு மாமனார் படம் வரைக்கும் பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இது நான் இல்லம்மா."

"இல்லதான்."

"இவளப் பாரு, சுத்திலும் ஒருத்தரும் இல்ல. எனக்கு அங்க பாத்ரூமுக்குக்கூட வரிசையில நிக்கோணும். ரூம்ல நாங்க நாலு பேரு. ஒருத்தி தூக்கத்துல கணக்குச் சொல்றா. தனியா இருக்கோணும்னுதான் ஸ்கூட்டரே வாங்குனேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ யார்கூடயாச்சும் பேசறியாம்மா?"

"பெங்களூர்க்காரர் ஞாயித்துக்கெழமையானா கேப்பாரு. இந்த வாரம் ஆடினீங்களான்னு."

"என்ன ஆடினீங்களான்னு?"

சொன்னேன். "மழை" என்று எழுதுவதையும் முழங்கால் வலியையும் சொன்னேன். சோபாவில் விழுந்து சிரித்தாள். அண்ணன் எருமை மேய்க்கச் சொன்னதையும் சொன்னேன். இத்தனை மாதம் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சொல்லி முடிக்க அன்று சாயங்காலம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "மாசம் ஒருக்கா வாரேன். ஸ்கூட்டர்லதான் வாரேன். நான் ரோட்டுல இருக்கறப்ப நீ கூப்புடக் கூடாது. போய்ச் சேந்து நானே சொல்றேன்."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல. நடுவுலன்னா நான் ஓட்டிட்டு இருக்கேன்னு அர்த்தம்."

சரி என்றேன். அதற்கு முன்னால் தட்டில் இருந்த இட்லியைத் தின்று முடித்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

கேட் வரைக்கும் போனேன். வண்டி மெயின் ரோட்டில் திரும்பியது. ஒரு பஸ் குறுக்கே வந்து மறைத்தது. பஸ் நகர்ந்தபோது அவள் இல்லை. உள்ளே வந்து பாத்திரம் கழுவினேன். இந்நேரம் காரமடை தாண்டியிருப்பாள். துணி மடித்தேன். மேட்டுப்பாளையம் வந்திருக்கும், மார்க்கெட் லாரிகள் நிற்கும். கல்லாறு. அதற்குப் பிறகு மலை. படங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஃபோனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பெங்களூர்க்காரரிடமிருந்து வழக்கமான கேள்வி வந்தது. அதற்கும் பதில் எழுதவில்லை.

பிறகு ஒரு படம் வந்தது. பாதி மலையில், பர்லியாரில் ரோட்டோரப் பழக்கடை. நீலக் கூடையில் மங்குஸ்தான் பழங்கள். கீழே, "வேணுமா?" என்று எழுதியிருந்தாள்.

'ஏன் நிறுத்தினாய், கால் வலிக்கிறதா' என்று எழுதினேன். அழித்தேன். 'மேலே மழையா' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். "ஒரு கிலோ வாங்கு" என்று அனுப்பினேன்.

"அடுத்த மாசம் வரைக்கும் தாங்குமா? சும்மா கேட்டேன். நானே தின்னுக்கறேன்."

ஆளில்லாத கூடத்தில் நான் சத்தமாகச் சிரித்தேன். பர்லியாருக்கு மேலேதான் வளைவுகள் நெருக்கமாக இருக்கும். இனி அவள் அதில் ஏற வேண்டும். ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.